கணுவில் வளைந்த ஆணி



காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரி ஒருவர், "மரக்கணுவில் வளைந்த ஆணி லேசில் வராது, ஐயா" என்றார். எனக்கு எருசலேம் நினைவுக்கு வந்தது. 1968-இல் அங்கே ஒரு கல்லறையில், யோகனான் என்று பெயர் பொறித்த எலும்புப் பேழை கிடைத்தது. நம்மில் பலர் சூடியிருக்கும் யோவான் என்ற பெயர்தான். உள்ளே ஒரு குதிகால் எலும்பு. வெளிப்பக்கத்திலிருந்து அறைந்த, ஏறக்குறைய 11.5 சென்டிமீட்டர் இரும்பாணி அதிலேயே இருந்தது. நுனி வளைந்திருந்ததால், இறக்கியவர்களால் பிடுங்க முடியாமல் எலும்போடு அடக்கம் செய்தார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஆணி அறைந்த கைகளைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். பிடுங்கிய கைகளை நினைத்ததில்லை. இந்தப் பெரிய வெள்ளியன்று, அரிமத்தியா யோசேப்பு ஆண்டவரின் சரீரத்தை இறக்கிய வசனத்தில் என் வாசிப்பு நின்றுபோயிற்று.