குப்பைக் கோழியும் கறுப்புக் குஞ்சும்

குறுந்தொகையின் 305ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயரை நாம் அறியோம். குப்பை மேட்டில் தனித்துப் போரிடும் கோழிகளை அவர் உவமையாக்கினார். அவ்வுவமையே அவருக்குக் குப்பைக்கோழியார் என்னும் பெயரைத் தந்துவிட்டது. தூண்டிவிடுவாரும் இல்லை, இடைபுகுந்து விலக்குவாரும் இல்லை; அப்போர் தானாக ஓய்ந்தால்தான் உண்டு. தலைவியின் காம நோயும் அத்தகையதே என்பது பாடலின் கருத்து. இதனைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். ஆயினும் கோழிகளை ஒருநாளும் உற்று நோக்கியதில்லை என்பது 2022ஆம் ஆண்டுக் கோடையில்தான் எனக்குப் புலப்பட்டது.

அவ்வாண்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 25 வாங்கினேன். மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மரப்பெட்டியில் அவற்றை விட்டு, மேலே ஒரு குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "நம் வீட்டில் பகலெல்லாம் தாய்க்கோழியோடு மேயும், இரவில் பஞ்சாரத்தில் அடையும். நீ தாயில்லாப் பிள்ளைகளைச் சிறையில் அடைத்து விளக்கும் போட்டிருக்கிறாயே" என்றார். நான் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு விடியற்காலை, வால் அடியில் குத்திக் குடையப்பட்டு ஒரு குஞ்சு இறந்து கிடந்தது. மறுநாள் இன்னொன்று. குற்றவாளி யார் என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. கறுப்புச் சேவற்குஞ்சு ஒன்று கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு எதிர்ப்பட்ட குஞ்சுகளின் மீதெல்லாம் நெஞ்சால் மோதிக்கொண்டிருக்கும். அதனைப் பிடித்து, அடுத்த தெருவில் கோழி வளர்க்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த பெரிய கோழிகளுக்கிடையே அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. இங்கோ, அது போன மறுநாளே மூன்றாவது குஞ்சும் இறந்தது.

அதன் பின்னரே கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் முதலில் கேட்டது, "தலையில் கொத்துகிறதா, வாலில் கொத்துகிறதா?" என்பதே. நான் விழித்தேன். தலையைக் குறிவைத்துக் கொத்துவதும் நெஞ்சால் மோதுவதும் யார் பெரியவர் என்று முடிவு செய்யும் முயற்சி. குஞ்சுப் பருவத்தில் அது பெரும்பாலும் விளையாட்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லெய்ஃப் ஷெல்தெருப் எப்பே 1922இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கிய கொத்தும் வரிசை இதுவே. வரிசை அமைந்துவிட்டால் சண்டை அடங்கும். வாலையும் முதுகையும் கொத்துவதோ பகையன்று. மண்ணைக் கிளறி இரை தேடப் பிறந்த அலகு, கிளற மண் இல்லாதபோது பக்கத்தில் இருப்பதன் இறகைக் கிளறுகிறது. முளைத்து வரும் இறகின் குருத்தில் இரத்தம் ஓடும். அது பிடுங்கப்பட்டால் கசியும். சிவப்பைக் கண்டதும் மற்றவையும் கூடிவிடும்.

வீடு திரும்பிப் பெட்டியருகே ஒரு மணி நேரம் அசையாமல் அமர்ந்தேன். யாரோடும் சண்டையிடாத, நான் சாது என்று எண்ணியிருந்த பழுப்புப் பெட்டைக் குஞ்சு, ஒவ்வொன்றின் பின்னாலும் மெல்லச் சென்று இறகைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. (அடங்காதவன் என்று ஒரு மாணவனை வெளியே நிறுத்திய நிகழ்ச்சி எனக்கு உண்டு. அதனை இங்கு எழுதப் போவதில்லை.)

பழுப்புக் குஞ்சையும் நான் தண்டிக்கவில்லை, பெட்டியைத்தான் மாற்றினேன். அப்பருவத்தில் குஞ்சு ஒன்றுக்குக் குறைந்தது அரைச் சதுர அடி இடம் வேண்டுமாம். நான் கொடுத்திருந்தது அதில் பாதியே. கோடை வெயிலில் பகலில் விளக்கே தேவையில்லை. வெப்பமும் மிகுந்த வெளிச்சமும் கொத்தும் வெறியை வளர்க்கின்றன. இரவுக்குச் சிவப்பு விளக்கு மாட்டினேன். அவ்வொளியில் இரத்தம் தனித்துத் தெரிவதில்லை. வெறும் குருணையை நிறுத்திப் புரதம் கலந்த குஞ்சுத் தீவனம் வைத்தேன். அதனையும் ஒரே தட்டில் வைக்காமல் மூன்று இடங்களில் வைத்தேன். காயம்பட்டதை உடனே பிரித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி, ஆறிய பின்னரே கூட்டத்தில் விட்டேன். கோழி வளர்க்க விரும்பும் மாணவர்கள் இதனைத் தவறவிடலாகாது; காயத்தோடு ஒரு பொழுது விட்டு வைத்தாலும் அக்குஞ்சு பிழைப்பது அரிது. முட்டைப் பண்ணைகளில் அலகின் நுனியைக் கருக்கிவிடும் வழக்கம் உண்டு. எனக்கு மனம் வரவில்லை.

அம்மா தம் பங்குக்கு முருங்கைக் கீரைக் கொத்தை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். மூலையில் சாம்பலும் மணலும் கொட்டினார். குஞ்சுகள் நாள் முழுதும் எம்பி எம்பிக் கீரையைக் கொத்தின. பழுப்புப் பெட்டைதான் எல்லாவற்றையும் விட உயரமாக எம்பியது. ஒரு வாரத்தில் புதிய காயம் எதுவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, கொல்லைக் குப்பை மேட்டில் இரண்டு இளஞ்சேவல்கள் தலை தாழ்த்திக் கழுத்தைச் சிலிர்த்து எதிரெதிரே நின்றன. நான் கம்பை எடுத்தேன். "விடு, தலைக்குத்தானே பாய்கிறது" என்றார் அம்மா. மூன்று நான்கு பாய்ச்சல். பிறகு ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மேயத் தொடங்கியது. அன்று மாலை பஞ்சாரத்தில் அடைக்கும்போது எண்ணினேன். இருபத்தொன்று இருந்தன. கறுப்பும் இருந்திருந்தால் இருபத்திரண்டு.