"தாத்தா, நல்லா வாசிச்சேனா?"

பிள்ளைகளே, எங்கள் ஊர்ப் பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிப் பிரதிஷ்டை செய்த அன்று, என் பேத்தி முதன்முதலாக ஆராதனையில் கீபோர்டு வாசித்தாள். பன்னிரண்டு வயது. முடிந்ததும் வேர்த்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, "தாத்தா, நல்லா வாசிச்சேனா?" என்று கேட்டாள். "அந்தக் காலத்துல நம்ம பழைய கோயில்ல ஆர்மோனியம் வாசிப்பாங்க, அதை நீ கேட்டிருக்கணும்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாவைத் தேடிப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வேதத்தை எடுத்தேன், எஸ்றா 3ஆம் அதிகாரம். சாலொமோன் கட்டிய ஆலயத்தைப் பாபிலோனியர் கி.மு. 586 வாக்கில் எரித்துப்போட்டார்கள். ஏறக்குறைய 50 வருஷம் கழித்து, சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் அதே இடத்தில் புது ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார்கள். ஒரு பக்கம் சந்தோஷ ஆரவாரம். மறுபக்கம், பழைய ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் வாய்விட்டு அழுகிறார்கள். கேட்டவர்களுக்கு எது அழுகை, எது ஆரவாரம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். அந்த முதியவர்களை நான் குறை சொல்லமாட்டேன், இழந்தவனுக்குத்தான் இழப்பின் பாரம் தெரியும். ஆனால் அந்த அழுகைக்குப் பக்கத்தில் நின்று கல் சுமந்த இளசுகளின் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கி.மு. 520இல் ஆகாய் தீர்க்கதரிசி அந்தப் புண்ணைத் தொட்டே பேசுகிறார். பழைய மகிமையைக் கண்ட கண்ணுக்கு இது ஒன்றுமில்லாததாகத் தெரிகிறதா என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, தைரியமாக வேலையைத் தொடருங்கள் என்கிறார். ஒன்றுமில்லை என்று எண்ணப்பட்ட அந்த ஆலயம்தான் பின்னாளில் ஏரோது காலத்தில் விரிந்து வளர்ந்தது. அங்கேதான் மரியாள் குழந்தை இயேசுவைக் கொண்டுவந்தாள். சிமியோன் பிள்ளையை வாங்கிக் கையில் ஏந்தினார். அந்த நேரத்தில் அன்னாளும் வந்து நின்றாள், 84 வயது விதவை. அவர்கள் இருவரும் போன நாளின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை கண்ணில் பட்டிருக்குமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் அப்பா பனையேறி. விடிலியில் பதநீர் கொதிக்கும் மணத்தை உங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பருவம் முடிந்த பிறகு வீட்டில் அடுப்பெரியாத நாட்களைச் சொன்னதில்லை. அடுத்த பருவத்துக் கருப்பட்டிக்கு இப்போதே பணம் வாங்கித் தின்ற கடனையும், காய்ச்சல் கண்ட தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா ஆஸ்பத்திரிக்கு நடந்ததையும், வெறுந்தோளோடு திரும்பியதையும் சொன்னதில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலரும் இப்படித்தான். எகிப்தின் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும் நாக்கில் நின்றன. செங்கல் அறுத்த அடிமைத்தனம் மறந்துபோனது. காலையில் வாசலில் கிடந்த மன்னா கசந்தது. அந்த மன்னாவை மறுநாளுக்கென்று எடுத்துவைத்தால் புழு வைத்துவிடும். அன்றைக்குள்ளதை அன்றே சாப்பிடவேண்டும்.

நாங்கள் பின்னால் பார்த்து ஏங்குகிறோம், நீங்கள் பக்கத்தில் பார்த்து ஏங்குகிறீர்கள். பேதுருவும் அப்படித்தான் பார்த்தார். திபேரியா கடற்கரையில், கரிநெருப்பில் சுட்ட மீனைத் தின்றபிறகு, தன் பாதை இன்னதென்று ஆண்டவர் வாயாலேயே கேட்டவர், உடனே திரும்பி யோவானைக் காட்டி, இவன் காரியம் என்ன என்று விசாரித்தார். உனக்கு அதனால் என்ன என்றுதான் பதில் கிடைத்தது. கூடப் படித்தவன் வாங்கிய காரின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, உங்கள் தட்டில் சூடாக இருக்கிற சோற்றை ஆறவிடாதீர்கள். உழைத்த கூலி குறைந்தால் நிமிர்ந்து நின்று கேளுங்கள், அது நியாயம். நான் சொல்வது அதையல்ல.

பிரதிஷ்டைக்குப் பிறகு பல வாரம் பேத்தி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போன ஞாயிறு நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் வாசிப்பை மட்டும் கேட்டேன். ஆர்மோனியம் நினைவுக்கு வரத்தான் செய்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆராதனை முடிந்ததும் நானே அவளிடம் போனேன். "கடைசிச் சரணத்துல குரலுக்கு இடம் விட்டு மெதுவா வாசிச்சியே, அது நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து, பென்சிலால் வட்டம் போட்டிருந்த ஒரு வரியைக் காட்டினாள். "இந்த இடந்தான் தாத்தா. ஒரு வாரமா பழகினேன்."