கோடையில் உறங்கும் எஞ்சின்கள்

டொராண்டோவில் குடியிருக்கும் என் தங்கை, சென்ற ஐப்பசி மாதம் தொலைபேசியில் ஒரு விசித்திரமான சமாசாரம் சொன்னாள். "அண்ணா, இந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உன் மாப்பிள்ளை படகைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறார்!"

"தாலாட்டுப் பாடியா?" என்றேன்.

விஷயம் வேடிக்கை அல்ல. ஏரியில் போய்வர அவர்கள் ஒரு சிறு படகு வாங்கியிருக்கிறார்கள். பனிக்காலம் வருமுன் அதைக் கரையேற்றி, எஞ்சினில் தங்கியிருக்கும் தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்து, உறையாத திரவத்தை ஊற்றி மூட வேண்டுமாம். மறந்தால், சித்திரையில் திறந்து பார்க்கும்போது எஞ்சினின் இரும்பு உடம்பு வெடித்திருக்குமாம்.

வாசகியருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, குளிர்பெட்டியின் ஐஸ் அறையில் வைத்து மறந்துபோனவர்கள் உங்களில் எத்தனை பேரோ! தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். பருக்கிற பனிக்கட்டிக்குப் புட்டி என்றும் இரும்பு என்றும் பேதம் கிடையாது.

"நம் ஊர்ப் படகுகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கொடுத்துவைத்தவை!" என்று முடித்தாள் தங்கை. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், மணலி புதுநகருக்குப் போகும்வரையில்.

எங்கள் அச்சகத்துக்கு வந்துபோகும் மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "எங்க மாமா மணலி புதுநகர்லே இருக்கார் சார். நாற்பது வருஷமாப் படகு எஞ்சின் வேலைதான். அவரை ஒரு தடவை பாருங்க. ஆனா மே மாசம் போங்க, அப்போதான் பார்க்கிறதுக்கு விஷயம் இருக்கும்" என்றார்.

அப்படியே கத்திரி வெயிலில் ஒரு நாள் புறப்பட்டேன். திருவொற்றியூரைத் தாண்டிப் பொன்னேரி சாலையில் பஸ் திரும்பியதும், முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள். துறைமுகமே சக்கரம் கட்டிக்கொண்டு கூட வருகிறதோ என்று தோன்றும். ஒரு பக்கம், 1969-ல் வேலை தொடங்கிய மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள். அதையெல்லாம் கடந்தால் புதுநகர். அய்யா வைகுண்ட தர்மபதிக்குப் போகிற பக்தர்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். காலைக் கோலம் அழியாத, சுமாரான அகலமுள்ள தெருக்கள். கொசஸ்தலை ஆறு அதிக தூரத்தில் இல்லை. கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஜன்னல் கம்பிகளில் துருவாகத் தெரியும்.

மேஸ்திரியின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. திண்ணையில் மூன்று வெளிப்பொருத்து எஞ்சின்கள், நாட்டுப்படகின் பின்புறத்தில் மாட்டுகிறார்களே அந்த வகை, மரச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய நூல் புடவை சுற்றியிருந்தது.

"என் புடவையெல்லாம் இதுங்களுக்குத்தான் சார் போகுது. கிழிஞ்சதும் எஞ்சினுக்கு, கிழியாததும் எஞ்சினுக்கு!" என்றபடி மேஸ்திரியின் மனைவி மோர் கொண்டுவந்தார்.

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். நான் டொராண்டோ கதையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். "அங்கே குளிரு சார். இங்கே உப்பு. அது ஒரே ராத்திரியில வெடிக்கும். இது ரெண்டு மாசம் உட்கார்ந்து திங்கும். காசிமேட்டுக்கு வாங்க, காட்டறேன்" என்று பையைத் தூக்கினார்.

காசிமேடு போய்ச் சேருவதற்குள் ஒரு விவரம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக, தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை இருக்கிறது. 2001-ல் இது தொடங்கியபோது 45 நாட்கள். 2017 முதல் 61 நாட்கள்: ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. கனடாவில் பனி செய்கிற வேலையை இங்கே சட்டம் செய்கிறது. வருஷம் முழுதும் ஓடிய எஞ்சின்கள் அனைத்தும் ஒரே நாளில் மௌனமாகிவிடுகின்றன.

ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அன்று ஏலக் கூச்சல் குறைவு. சுத்தியல் சத்தம் அதிகம். படகுகள் தோளோடு தோள் உரசி வரிசை வரிசையாக நின்றன. ஒருவர் வர்ணம் பூசுகிறார், ஒருவர் வலை பின்னுகிறார், ஒருவர் எஞ்சின் அறைக்குள் தலைகீழாகத் தொங்குகிறார். கால்கள் மட்டும் தெரிகின்றன.

நாங்கள் ஏறிய படகில் இருந்தது லேலண்ட் எஞ்சின். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய கம்பெனியின் எண்ணூர்த் தொழிற்சாலை, இங்கிருந்து வடக்கே சிறிது தூரம்தான். ரோட்டில் பஸ்ஸையும் லாரியையும் இழுக்கிற குடும்பத்தின் பிள்ளை ஒன்று கடலுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மேஸ்திரி முதலில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். சூடேறியதும் நிறுத்தி, அடிக் குழாயைத் திறந்து எண்ணெயை வடித்தார். கறுப்பாக வழிந்தது. எரிந்த டீசலின் கரியும் புளிப்பும் அதில் கலந்திருக்கும். அப்படியே இரண்டு மாதம் விட்டால் உள்ளே பேரிங்கை அரிக்கும். ஆறினால் கசடு அடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சூட்டோடு வடிக்க வேண்டும். கறுப்பு எண்ணெயை ஒரு துளிகூடத் தண்ணீரில் விடாமல் டின்னில் பிடித்து மூடினார்.

அடுத்தது உப்பு. இந்தப் படகின் எஞ்சின் கடல் நீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஓடுகிறவரையில் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். நின்றுவிட்டாலோ குழாய்களில் காய்ந்து படியும். படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தைத் தின்னும். அதனால் பீப்பாய் பீப்பாயாக நல்ல தண்ணீரை உள்ளே செலுத்தினார்கள். மேஸ்திரி வெளியே வருகிற தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இன்னும் கரிக்குது. விடு!" என்றார். ரசத்துக்கு உப்புப் பார்ப்பது போலவே இருந்தது. நான்காவது முறைதான் தலையை ஆட்டினார்.

டீசல் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பிவிட வேண்டும்; இல்லையேல் முழுக்க வடித்துத் துடைத்துவிட வேண்டும். பாதியாக விட்டால் மீதி இடத்துக் காற்றின் ஈரம் இரவில் வியர்த்து, அடியில் தண்ணீராகத் தங்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் கிருமிகள் பிசுபிசுவென்று வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் என்ன ஆகும் என்று அறிந்தவர்களுக்கு இது புரியும். தொட்டியை நிரப்பக் கையில் காசில்லாத காலமாதலால் இங்கே வடித்துவிட்டார்கள். பிறகு நாஸில்களைக் கழற்றி, சிலிண்டர் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றினார். பாட்டரி வீட்டுக்குப் போகும். புகைக் குழாயின் வாயைத் துணியால் அடைத்து, மறந்துபோய் எஞ்சினை எழுப்பிவிடாமலிருக்கச் சிவப்பு நாடா ஒன்றையும் கட்டினார்.

கடைசியாக, தண்ணீர் பம்புக்குள்ளிருந்து ஒரு ரப்பர் சக்கரத்தை எடுத்தார். உள்ளங்கை அகலம், பூவிதழ் போலச் சுற்றிலும் ரப்பர்த் தகடுகள். இம்பெல்லர் என்று பெயர். கடல் நீரை உறிஞ்சித் தள்ளுவது இதுதான். இரண்டு தகடுகளின் வேரில் மயிரிழை போல வெடிப்பு.

"இது மாத்தணும்" என்றார் மேஸ்திரி.

படகுக்காரர் முகம் சுருங்கியது. "அண்ணே, ஏற்கெனவே செலவு எகிறிப்போச்சு. இந்த வருஷம் இதுவே ஓடட்டுமே?"

படகின் விளிம்பில் உட்கார்ந்து ரசீதுகளை எண்ணிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் வாணாம். மாத்துங்கண்ணே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, எழுதுறவரா நீங்க? எழுதிக்குங்க. முன்னே ஒரு வாட்டி இந்த மாதிரி ஒரு ரப்பரு நடுக்கடல்லே பிஞ்சுபோச்சு. எஞ்சின் சூடேறி இறுகிப்போச்சு. எட்டுப் பேரு, ரெண்டு ராத்திரி, காத்து தள்ளின பக்கமெல்லாம் போனாங்க. வேற லாஞ்சுக்காரங்க பார்த்துக் கயிறு கட்டி இழுத்தாந்தாங்க. அந்த ரெண்டு ராத்திரி கரையிலே உட்கார்ந்திருந்தது நானு. அந்த ரப்பர் விலை எனக்குத் தெரியும்."

இந்த வருஷத்து வேலைக்குப் பணம் ஏது என்று மெல்லக் கேட்டேன். பதில் சொல்லாமல் வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. நிவாரணத் தொகை அடுப்புக்குச் சரியாகப் போய்விடும். எஞ்சினுக்கு எப்போதும் சங்கிலிதான். வருமானம் நின்றுபோகிற அதே இரண்டு மாதத்தில்தான் படகு அதிகச் செலவு வைக்கிறது. டொராண்டோ மாப்பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு போகிற சங்கதி, இங்கே ஒரு குடும்பத்தின் வருஷக் கணக்கையே அசைத்துவிடுகிறது.

மாலையில் மேஸ்திரியோடு புதுநகருக்குத் திரும்பினேன். திண்ணையில் தொங்கிய மூன்று எஞ்சின்களும் யாருடையவை என்று கேட்டேன். எண்ணூர்க் கழிமுகத்தில் மீன் பிடிக்கிறவர்களுடையவையாம். நாட்டுப்படகுகளைத் தடைக்காலம் கட்டுப்படுத்தாது, வேறொன்று கட்டுப்படுத்தியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது புதுநகர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அதே வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. படகு, வலை, கரை, அலையாத்திச் செடி எல்லாவற்றின்மீதும் கறுப்புப் படலம். மீனவர்களே வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளிய காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

"தடைக்காலத்துக்குக் காலண்டர்ல தேதி இருக்கு சார். கழுவி, வடிச்சு, மூடி வைக்கலாம். அதுக்கு ஏது தேதி? போட்டது போட்டபடி நின்னுச்சு. இந்தத் திண்ணையிலே முழங்கால் தண்ணி வடிஞ்சு முடியலே, எஞ்சினைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. தண்ணி போற வழியெல்லாம் பிசுக்கு. பல்லு தேய்க்கிற பிரஷ்ஷாலே தேய்ச்சு எடுத்தேன்" என்றார் மேஸ்திரி.

"அப்போதான் என் நல்ல புடவை ரெண்டு போச்சு" என்றார் அவர் மனைவி. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால் திண்ணை எஞ்சின்கள் பரணுக்கு ஏறிவிடுகின்றன. பக்கத்தில் ஒரு டின் நல்ல எண்ணெயும் ஒரு மூட்டைத் துணியும் எப்போதும் தயார். குளிருக்கு முன் தங்கை வீட்டில் நடக்கிற அதே வேலை, மணலி புதுநகரில் மழைக்கு முன் நடக்கிறது.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்தது. மறுநாள் மேஸ்திரிக்குத் தொலைபேசி செய்து, அந்தப் படகு என்ன ஆயிற்று என்று விசாரித்தேன்.

"சிவப்பு நாடாவை அந்தம்மாதான் அவிழ்த்தாங்க. ஒரே ஸ்டார்ட்டு சார்! புதுசா மாட்டின ரப்பரு தண்ணியை எப்படித் தள்ளுதுன்னு குனிஞ்சு பார்த்துட்டுத்தான் கரையிலே இறங்கினாங்க" என்றார்.

"சங்கிலி?"

"அது இன்னும் கடையிலேதான். முதல்லே மீன் வரட்டும்."