வேர் பிடிக்கட்டும்

ஜூன் 24

குழி வெட்டியாச்சு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. ஓரத்துக் குழியில் கடப்பாரை பாறையில் மோதியது. முருகேசண்ணன் தள்ளி வெட்டினார். மேலே கறுப்பு மண், பொலபொலவென்று. ஒரு சாண் கீழே செம்மண். டோலமைட் போட்டு மூன்று வாரம் ஆறப்போட்ட மண். பரிசோதனையில் pH 5.1 என்று வந்த நாளிலிருந்து அந்த எண் மனதை விட்டுப் போகவில்லை. ரோஜாவுக்கு 6க்கு மேல் வேண்டும்.

மீனா போன். "எப்பம்மா கீழ வர்றீங்க?" செடி வரட்டும் என்றேன்.

ஜூன் 26

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மேகம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. பகலிலேயே விளக்கு. துணி காயவில்லை. நெஞ்சில் விசில் சத்தம். பஃப் எடுத்ததை இவர் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

செடி இன்னும் கிளம்பவே இல்லையாம்.

ஜூன் 29

வந்துவிட்டன! ஓசூரிலிருந்து, வத்தலக்குண்டு வழியாக, பார்சல் வண்டியில். பீஸ் இரண்டு, கிறிஸ்டியன் டியோர் இரண்டு, எட்வர்ட் இரண்டு. "எட்வர்ட் எதுக்கு? மாலை கட்டுற பூ" என்கிறார் இவர். வாசனைக்கு. மதுரை மாதிரி மல்லிகை இங்கே பூக்காது. சாமி படத்துக்கு மணக்கிற மாதிரி ஒரு பூ வேண்டாமா?

ராத்திரி திண்ணையில் வைத்துச் சாக்கு போர்த்தினேன். 11 டிகிரி. கீழ்நாட்டு வெயிலில் நின்ற செடிகள். தூக்கம் வரவில்லை.

ஜூன் 30

நட்டாச்சு.

பையைக் கிழித்தால் உள்ளே செங்கல்லாக இறுகிய களிமண். அப்படியே வைத்தால் தண்ணீர் உருண்டைக்குள் இறங்காது, சுற்றியே ஓடிவிடும். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு விரலால் வெளிக் களிமண்ணை மட்டும் மெதுவாகக் கரைத்தேன். தண்ணீர் சிவந்தது. வெள்ளை வேர்கள், நூல் கனம்தான். அறுந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு. விரல் மரத்துப்போய் மோதிரம் கழன்று வந்தது.

மக்கிய சாணம், எலும்புத்தூள், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. ஒட்டுக் கட்டின இடம் மண்ணுக்கு மேலே இரண்டு விரல் தெரியும்படி. கூடவே வந்த மொட்டுகளைக் கிள்ள வேண்டும், இல்லையென்றால் பலம் எல்லாம் பூவுக்கே போய்விடும். டியோரில் ஒன்று சிவப்புக் காட்டத் தொடங்கியிருந்தது. கையே வரவில்லை. கிள்ளினேன்.

வேர் பிடிக்கட்டும்.

ஜூலை 2

துளிர் இல்லை. இரண்டு நாளில் எப்படி வரும்? தெரியும். தெரிந்தும் காலையில் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். இடுப்பு வலி.

ஜூலை 4

பீஸ் ஒன்றில் அடி இலைகள் மஞ்சள். தொட்டால் விழுகின்றன. துளிர் இல்லை.

"இடம் மாறினா அப்படித்தாம்மா. குச்சி பச்சையா இருக்கான்னு பாருங்க" என்றார் முருகேசண்ணன். நகத்தால் கீறினேன். பச்சை.

1945 ஏப்ரல் 29, பெர்லின் விழப்போகிற நேரத்தில்தான் இதற்குப் பீஸ் என்று பெயர் வைத்தார்கள். பிரான்சிலிருந்து வெறும் ஒட்டுக் குச்சியாகக் கடல் தாண்டிப் பிழைத்த வம்சம். ஓசூரிலிருந்து கொடைக்கானல் வந்தா பிழைக்காது?

மீனா போன். எடுக்கவில்லை.

ஜூலை 6

ராத்திரி காட்டுமாடு. வேலியோரம் மூச்சு விடுகிற சத்தம், ஜன்னலுக்கு அந்தப் பக்கம். டார்ச் அடிக்க வேண்டாம் என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடிந்ததும் ஓடினேன். மூலை எட்வர்டில் ஒரு கிளை மொட்டையாக நிற்கிறது. பக்கத்தில் குளம்படி, என் உள்ளங்கையை விரித்தால் கொள்ளாது. மற்றவை தப்பின.

அழுகை வந்தது. அதற்கும் பசிதான், காட்டில் புல் ஏது? ஆனாலும் என் செடி.

வலை கட்டச் சொல்லியாச்சு.

ஜூலை 8

சோலை ஓரமாக நடந்தோம். பழநி மலையில் தானாகவே வளரும் காட்டு ரோஜாக் கொடி, மரத்தின் மேல் ஏறிக் கிடக்கிறது. முள் புடவையை இழுத்தது. யாரும் உரம் போடவில்லை, யாரும் பஃப் கொடுக்கவில்லை. எவ்வளவு தெம்பு!

இதே ஊரில் இருந்துகொண்டுதானே வீரராகவனும் கிரிஜாவும் காட்டு ரோஜாக்களைக் கலப்பினம் செய்து, வெயில் தாங்கும் புது ரகங்களை உண்டாக்கினார்கள். மணிப்பூர் மலை ரோஜாவைக்கூட விடவில்லை. கரும்பை ஆராய்ந்த ஜானகி அம்மாள் பெயரில் ஒரு மஞ்சள் ரோஜா. அது எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும். ஒன்றாவது என் வீட்டில் நிற்க வேண்டும்.

துளிர் இல்லை.

ஜூலை 10

துளிர்!! டியோரில். அரிசி முனை அளவுக்கு, கருஞ்சிவப்பு. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. இவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமா" என்றார். அவ்வளவுதான், ஆனால் நல்லாச் சொன்னார்.

மீனாவுக்கு நானே போன் பண்ணினேன்.

ஜூலை 11

ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தேன். மூச்சு ஏறவில்லை. டாக்டர் நெபுலைசர் வைத்தார். குளிர்காலம் முழுக்க இங்கே வேண்டாம், கீழே போங்கள் என்றார். இவர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். போய்விடலாம். எதற்கு இந்தப் பாடு?

செடியைப் பார்க்கவில்லை.

ஜூலை 12

போகமாட்டேன்.

பீஸிலும் துளிர் வந்திருக்கிறது, மஞ்சள் இலை உதிர்ந்த அதே கணுவில்.

ஜூலை 14

எட்வர்டின் இளம் இலையில் மாவு தூவின மாதிரி வெள்ளை. சாம்பல் நோய். இந்தக் குளிருக்கும் ஈரக் காற்றுக்கும் வராமல் இருக்குமா? நனையும் கந்தகம், லிட்டருக்கு இரண்டு கிராம். முருகேசண்ணன்தான் அடித்தார், என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டார். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். இலைக்கு அடியிலும், அண்ணே, அடியிலும்!

மூச்சு பரவாயில்லை. கஞ்சி குடித்தேன்.

ஜூலை 17

ஆடி ஒன்று. காற்று கூரைத் தகரத்தைப் பிய்க்கிறது. ஒவ்வொரு செடிக்கும் குச்சி நட்டு, பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாகக் கட்டினேன். மப்ளர், ஸ்வெட்டர், இரண்டு சாக்ஸ். இவர் குச்சியைப் பிடித்துக்கொண்டார். கிளை தொட்டால் ஆடுகிறது, அடித்தூர் ஆடவில்லை. அழுத்திப் பார்த்தேன். ஆடவே இல்லை.

பிடித்துவிட்டது.

ஜூலை 19

மீனா போன். இவரும் ஸ்பீக்கரில். பேசி முடிவு பண்ணினோம். மார்கழியும் தையும் மதுரை. உறைபனி ராத்திரிகளில் செடிக்குச் சாக்கு போர்த்த முருகேசண்ணன் ஒத்துக்கொண்டார், சம்பளம் தனி. மாசி பிறந்ததும் மலைக்குத் திரும்பிவிடுவேன், யாரும் மறிக்கக் கூடாது. மீனா சரி என்றாள். கொஞ்சம் அழுதாள் என்று நினைக்கிறேன். எனக்கும் தொண்டை அடைத்தது.

சாயங்காலம் முருகேசண்ணனிடம் சொல்லிவிட்டேன், சமையலறைப் பக்கம் இன்னும் இரண்டு குழி வேண்டும். அங்கே வெயில் அதிகம் விழும். டோலமைட் ஒரு மூட்டை வாங்க வேண்டும்.