பார்த்தால் மட்டும் போதுமா?



மெட்டலர்ஜி லேபில் நாம் எல்லோரும் செய்த வேலைதான். வார்ப்பிரும்புத் துண்டைத் தேய்த்து, பாலிஷ் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கிராஃபைட் இதழாக இருக்கிறதா, உருண்டையா என்று தெரியும். ஆனால் கார்பன் எத்தனை, மெக்னீசியம் எத்தனை என்று ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் சொல்லும். கோவை ஃபவுண்டரிகளுக்கு இரண்டுமே தேவை.

மூளைக் கட்டிக்கும் இதே கதைதான் என்று என் தாய்மாமா மூலம் தெரிந்துகொண்டேன். மாமா மோல்டர். ஒருநாள் திடீரென்று வலிப்பு, ஸ்கேனில் கட்டி. ஆபரேஷனில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்த்தார்கள். சில இடங்களில் செல்கள் பொரித்த முட்டை மாதிரி. அது ஒலிகோடென்ட்ரோகிளியோமாவின் சாயல். வேறு இடங்களில் ஆஸ்ட்ரோசைட்டோமா மாதிரி. மாலிக்யூலர் டெஸ்ட் எடுத்தால்தான் முடிவு என்றார் டாக்டர்.

"கட்டியத்தான் எடுத்தாச்சுங்களே, இன்னும் எதுக்குங்க டெஸ்ட்டு?" என்றார் அத்தை. செலவோ மாமாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. நியாயமான கேள்விதானே!

1926-ல் பெய்லியும் குஷிங்கும் செல்லின் தோற்றத்தை வைத்து மூளைக் கட்டிகளை வகை பிரித்தார்கள். சுமார் 90 ஆண்டுகள் அதுவே வழி. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் மரபணுவையும் சேர்த்தது. 2021-ல் அதற்கு இன்னும் அதிக இடம் தந்தது. இன்று ஒலிகோ என்று எழுத, ஐ.டி.எச். ஜீனில் மாற்றம் வேண்டும். 1-வது குரோமோசோமின் குட்டைக் கையும் 19-வதின் நீளக் கையும் சேர்ந்தே தொலைந்திருக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரியும் சில கட்டிகள், மரபணுவைப் பார்த்தால் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய வகை! பெயர் மாறினால் வைத்தியமும் மாறும்.

அதற்காக மைக்ராஸ்கோப்பை மூலையில் போட முடியுமா? மெழுகுக் கட்டையில் கட்டி எங்கே, செத்த திசு எங்கே என்று பிரித்துக் காட்டுவது அதுதான். இடம் தவறினால் ஜீன் டெஸ்ட்டும் தவறும். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று பார்ப்பதும் அதிலேதான்.

மாமாவே அத்தைக்குப் பதில் சொன்னார்: "ஸ்பெக்ட்ரோ போடாம லோடு ஏத்துவாங்களா புள்ள? போடட்டும்."

ரிசல்ட் வந்தது. இரண்டு மாற்றமும் இருந்தன, ஒலிகோதான். ரேடியேஷனுக்கும் மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படக்கூடிய வகை. முழுக் குணம் என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரையும் ஸ்கேனும் தொடர்கின்றன. மாமாவும் வேலைக்குப் போகிறார்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் அந்த மெழுகுக் கட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். "மாலிக்யூலர் டெஸ்ட் தேவையா?" என்றும் தயங்காமல் கேளுங்கள். இரும்புக்குக் கேட்பதை மனுசனுக்கும் கேட்போமே!