விலை உயர்ந்த மதர்போர்டில் எதற்குக் காசு?

கேமிங் கணினிக்கு மதர்போர்டு வாங்குவது சாக்கெட்டில் தொடங்குகிறது. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. 2027 வரையிலாவது ஆதரவு உண்டென்று அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. பலகையை வைத்துக்கொண்டு புராசசரை மட்டும் பின்னாளில் மாற்ற நினைப்பவருக்கு இது நல்ல சேதி.

அடுத்தது சிப்செட். எக்ஸ்870ஈ பலகையில் யுஎஸ்பி4 கட்டாயம், துளைகளும் அதிகம். அதற்காக விளையாட்டு பி850 பலகையைவிட வேகமாக ஓடிவிடாது. கூடுதல் ரிங்கிட் இணைப்புகளுக்குத்தான். அந்த இணைப்புகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஏஎம்5 ரைசன் புராசசர்களில் பெரும்பாலானவை தருவது 28 பிசிஐஇ தடங்கள். நான்கு சிப்செட்டுக்கே போய்விடும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எம்.2 எஸ்எஸ்டிக்கு 4, மிச்சம் நான்குதான். ஆகவே சில உயர்ரகப் பலகைகளில் இன்னொரு எம்.2 துளையை நிரப்பினால் கார்டு 8 தடங்களுக்குச் சுருங்கும். பெட்டியின் மேல் இது பெரிய எழுத்தில் இருக்காது, கையேட்டில் இருக்கும்.

மின்சாரப் பகுதியான விஆர்எம்மில் கட்டங்களின் எண்ணிக்கையைக் காட்டி விற்பது வழக்கம். 120 வாட் ரைசன் 7 9800எக்ஸ்3டிக்கு நடுத்தரப் பலகையே தாராளம்.

ஈப்போவிலும் சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டப் புறங்களிலும் பிற்பகல் இடி மின்னல் சாதாரணம். எந்த விலைப் பலகையும் அதைத் தாங்காது. மிச்சப்படுத்திய பணத்தில் மின்னெழுச்சித் தடுப்பானும் நல்ல பவர் சப்ளையும் வாங்கலாம். இடி தொடங்கும் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுவது இன்னும் உறுதி.