இலவசப் படுக்கையின் விலை

அரசு மருத்துவமனையில் படுக்கைக்குக் காசு வாங்குவதில்லையே, பிறகு ஏன் இக்குடும்பம் கடனில் விழுந்தது? ஆவடியில் ஒப்பந்தக் கூலியாய் உழைக்கும் நம் பங்கினர் ஒருவரோடு அமர்ந்து கணக்கைக் கூட்டியபோது விடை தெரிந்தது. அவர் மகன் மனநோயால் ஆறு வாரம் கீழ்ப்பாக்கத்தில் இருந்தான். மருந்து இலவசம், உணவும் அப்படியே. ஆனால் முதல் நாள் ரயிலில் ஏற்றும் நிலையில் அவன் இல்லை. வாடகைக் கார் பிடித்தார்கள். பின்னர் வாரம் இருமுறை பெரம்பூர் வரை மின்சார ரயில், அப்பால் ஆட்டோ. போன நாளெல்லாம் தந்தைக்குக் கூலி இல்லை. தாயார் வேலை செய்த இரு வீடுகளிலும் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். மகளின் வளையல் அடகுக்குப் போயிற்று. மருத்துவமனை ஏட்டில் இவற்றுள் ஒன்றும் ஏறாது.

1794-இல் வேரூன்றிய அந்த நிலையத்தைக் குறை கூறுவதற்கில்லை. வழி தெரியாத குடும்பங்கள் ஏர்வாடிக்குப் போனதன் விலையை 2001 ஆகஸ்டில் கண்டோம்: சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீக்கு இரையானார்கள்.

நோயாளியை ஊரருகே வைத்துப் பேணலாம் என்பது புதிய எண்ணமன்று. பெல்ஜியத்தின் கீல் நகரில் புனித டிம்ப்னாவின் திருத்தலத்தை நாடி வந்தோரை ஊர்க் குடும்பங்களே பல நூற்றாண்டுகளாக வீட்டில் ஏற்றன. இன்று அரசு அக்குடும்பங்களுக்கு உதவித்தொகை தருகிறது. பாசமுள்ளவர்களுக்குப் பணம் எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை போலும்! இத்தாலி 1978-இல் சட்டமியற்றிப் பெரிய மனநோய் மருத்துவமனைகளை மூடத் தொடங்கியது. பொது மருத்துவமனைகளில் 15 படுக்கைக்கு மேற்படாத பிரிவுகளை அமைத்தது. ஆனால் வெளியே துணைச் சேவைகள் வளராத பகுதிகளில் சுமை வீட்டுப் பெண்களின் தோளுக்கே மாறிற்று.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், சிகிச்சைக்காக மக்கள் நெடுந்தூரம் அலையாதபடி சேவை அமைய வேண்டும் என்கிறது; உடல்நோய்க்கு உள்ளதுபோல மனநோய்க்கும் காப்பீடு வேண்டுமென்கிறது. நல்லது. எனினும் காப்பீடு மருத்துவமனைக் கட்டணத்தைத் தரும். இழந்த கூலியை யார் தருவார்?

நம் பங்கின் உதவிக் குழு அரிசிக்குப் பணம் தரும், ஈமச் செலவுக்கும் தரும். ஆட்டோ வாடகைக்குத் தந்ததில்லை. சென்ற மாதம் அதுவும் முடிவாயிற்று. இப்போது ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர், மாதம் ஒருமுறை மருந்து வாங்க அம்மகனோடு துணை போகிறார். தந்தை அன்று வேலைக்குப் போகிறார். வளையல் இன்னும் மீளவில்லை.